ஐந்துக்கு இரண்டு: நான் விட்டு வந்த சமூக ஊடகம்

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு இரண்டு. சில வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நான்கு கொடுத்திருப்பேன். சேர்ந்த புதிதில் கேட்டிருந்தால் ஐந்து போதாது என்று சண்டைக்கு வந்திருப்பேன். தளத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயரைப் போட்டால் அதன் முதலாளி நல்லவரா கெட்டவரா என்று பேச்சு திரும்பிவிடும், சேவை எப்படி இருக்கிறது என்பது பின்னால் போய்விடும். எனக்கு முதலாளியோடு ஒரு தகராறும் இல்லை. ஒரு வாடிக்கையாளராகப் பல வருஷம் விசுவாசமாக இருந்தேன், இப்போது வெளியே வந்துவிட்டேன், அதைப் பற்றிய விமர்சனம் இது.

நான் அங்கே வைத்திருந்தது, சிங்கப்பூரில் இருக்கும் எங்களுக்கான சின்னதொரு சிறுகதை வாசிப்புக் குழு. மாதம் ஒரு கதை, அதைப் பற்றிக் குழுவில் விவாதம், முடிந்தால் ஒரு சனிக்கிழமை ஏதாவது ஒரு நூலகத்தில் நேரில் சந்திப்பு. தமிழாசிரியர்கள் இருந்தார்கள், தாதியர் இருந்தார்கள், ஜொகூரிலிருந்து பாலம் கடந்து வருபவர்கள் இருந்தார்கள், துவாஸ் பக்கம் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் தம்பிகளும் இருந்தார்கள். 2014-இல் இங்கே வெளிநாட்டு ஊழியர்களுக்கான கவிதைப் போட்டி தொடங்கிய காலத்திலிருந்தே அந்தத் தம்பிகள் எழுதுவதைக் கவனித்து வருபவன் நான், அவர்களில் சிலர் வந்து சேர்ந்தது இந்தத் தளத்தின் வழியாகத்தான். வேறு எந்த இடத்திலும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் கட்டுமானத் தளத்தில் சாரம் கட்டும் இளைஞர் ஒருவரும் ஒரு கதையின் கடைசிப் பத்தி தேவையா என்று இரவு பதினொரு மணிக்கு வாதாடிப் பார்த்ததில்லை. ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் ஏறும்போது ஒரு கேள்வியைப் போட்டால், தேக்காவில் இறங்குவதற்குள் மூன்று பேர் மறுத்து எழுதியிருப்பார்கள். அந்த நாட்களுக்கு ஒரு நட்சத்திரம். அதை யாரும் பறிக்க முடியாது.

சரி, எங்கே கெட்டது?

பதிவுகளைக் காட்டும் வரிசைதான். நாம் பின்தொடர்பவர்கள் எழுதியது எழுதிய நேரப்படி வந்துகொண்டிருந்த வரைக்கும் இந்த மாதிரித் தளங்கள் எல்லாம் பயனுள்ளவையாக இருந்தன. அப்புறம் ஒவ்வொன்றாகக் கணிப்பு வரிசைக்கு, அதாவது நாம் எதைப் பார்ப்போம் என்று நிரலே கணித்து அடுக்கும் வரிசைக்கு, மாறின. டுவிட்டரும் இன்ஸ்டகிராமும் 2016-இல் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தபோது பெரிய கூச்சல் எழுந்தது, பிறகு அடங்கிவிட்டது, ஏனென்றால் அதில் நியாயமும் கொஞ்சம் இருந்தது. முந்நூறு பேரைப் பின்தொடர்கிறவரால் எல்லாவற்றையும் படிக்க முடியாது, யாராவது சலித்துக் கொடுத்தால் நல்லதுதானே. ஆனால் சலிப்பவர் யாருக்காகச் சலிக்கிறார் என்பதுதான் கேள்வி. எனக்குப் பிடித்ததைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, என்னை இன்னும் பத்து நிமிஷம் அங்கேயே உட்கார வைப்பது வேறு வேலை. நான் இருந்த தளம் முதல் வேலையில் தொடங்கி இரண்டாவதில் வந்து நின்றது.

நடைமுறையில் எப்படி என்றால், புதன்கிழமை நான் போட்ட கூட்ட அறிவிப்பு, கூட்டம் முடிந்த மறுவாரம் திங்கள்கிழமை ஒருவருக்குப் போய்ச் சேரும். "அண்ணே, இப்பதான் பார்த்தேன், சனிக்கிழமை முடிஞ்சு போச்சா?" என்று கேட்பார். அவர் மேல் குற்றமே இல்லை. அவர் தினமும் அந்தச் செயலியைத் திறக்கிறார். திறந்தால் வருவது என்ன? யாரோ எங்கோ சுவரில் சிமெண்டு பூசும் காணொளி, எடையைக் குறைக்கும் கஷாயம், கணினி உருவாக்கிய ஒரு பாட்டி கேக்கை வைத்துக்கொண்டு "எனக்கு இன்று நூறாவது பிறந்தநாள், வாழ்த்த யாருமில்லை" என்று அழும் படம். அதன் கீழே உண்மையான மனிதர்கள் வரிசையாக வாழ்த்துச் சொல்லியிருப்பார்கள். கையில் ஆறு விரல் இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லியிருக்க மாட்டார். குழு உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவே முடியாத ஒரு குழுவுக்கு நான் நிர்வாகியாக இருந்தேன்.

காசு கொடுத்தால் அறிவிப்பை எல்லோருக்கும் காட்டுகிறோம் என்று ஒரு பொத்தான் வேறு. என் குழுவில் சேர்ந்தவர்களுக்கு என் அறிவிப்பைக் காட்ட நான் கட்டணம் கட்ட வேண்டுமாம்! கட்டவில்லை.

மோசடி விளம்பரங்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, இங்கே எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பரில், அப்போது பிரதமராக இருந்த லீ சியன் லூங்கின் முகத்தையும் குரலையும் போலியாகச் செய்து கிரிப்டோ முதலீட்டை விற்ற காணொளியைப் பற்றி அவரே எச்சரிக்க வேண்டி வந்தது. அதே வகை விளம்பரம் எனக்கும் வந்தது, புகார் பொத்தானை அழுத்தினேன். "எங்கள் விதிகளை இது மீறவில்லை" என்று பதில் வந்தது. வேறு ஒரு நாள், கதையில் வந்த ஒரு கொலைக் காட்சியை மேற்கோள் காட்டிய எங்கள் உறுப்பினர் ஒருவரின் பதிவை வன்முறை என்று தூக்கிவிட்டார்கள். ஒரு தளத்துக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதைப் புரிந்துகொள்கிறேன், ஆனால் தெரியாத மொழியில் தீர்ப்பு சொல்வானேன். (மோசடியா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் சிங்கப்பூரின் மோசடி உதவி எண்ணான 1799-ஐ அழையுங்கள். அங்கே மனிதர்கள் பேசுகிறார்கள்.)

இவ்வளவு தெரிந்தும் ஏன் இருந்தாய் என்று கேட்கலாம். என் மனைவி பல தடவை கேட்டாள்.

என் வயதுக்காரர்களுக்கு இது முதல் குடிபெயர்வு இல்லை என்பதுதான் காரணம். சிங்கப்பூரில் நாங்கள் எல்லோரும் முதலில் ஃப்ரெண்ட்ஸ்டரில் இருந்தோம். 2002-இல் அமெரிக்காவில் ஆரம்பித்த அது அங்கே சீக்கிரமே ஓய்ந்தது, நம் பக்கத்தில்தான் கொழித்தது. ஒருவரைப் பற்றி இன்னொருவர் எழுதும் டெஸ்டிமோனியல்தான் அதில் விசேஷம். தேசிய சேவையில் கூட இருந்தவன், தொழில்நுட்பக் கல்லூரியில் பக்கத்து இருக்கைக்காரி, எல்லோரும் எழுதி வைத்திருந்தார்கள். 2009 கடைசியில் மலேசியாவின் எம்ஓஎல் நிறுவனம் அதை வாங்கியது, 2011-இல் விளையாட்டுத் தளமாக மாற்றியபோது பழைய படங்களையும் டெஸ்டிமோனியல்களையும் மே மாதக் கடைசிக்குள் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு அழித்துவிடுவோம் என்று அறிவித்தார்கள். எடுத்தவர்கள் எத்தனை பேரோ, எனக்குத் தெரிந்து யாரும் எடுக்கவில்லை. அதற்குள் எல்லோரும் வேறு இடத்துக்குப் போயிருந்தார்கள், அந்த அறிவிப்பைப் பார்க்கவே அங்கே ஆளில்லை. ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடியது. தமிழ்ப் பதிவர்கள் கூட்டமாகக் குடியேறிய கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. மைஸ்பேஸோ மூடக்கூட இல்லை, சர்வர் மாற்றும்போது பன்னிரண்டு ஆண்டுப் பாடல்கள் தொலைந்துவிட்டன என்று 2019-இல் சாவகாசமாகச் சொன்னது.

ஒவ்வொரு பெயர்விலும் கொஞ்சம் பேர் வழியில் விடுபட்டுப் போவார்கள். யார் விடுபட்டார்கள் என்பதுகூடப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். ஆர்குட்டில் வெண்பாவுக்குத் தளை தட்டாமல் எழுதச் சொல்லிக்கொடுத்த ஒருவரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தத் தளத்தை விட்டுக் கிளம்ப அவ்வளவு தயக்கம். விசுவாசம் என்று சொல்கிறோமே, அது தளத்தின் மேல் கிடையாது. அங்கே மாட்டிக்கொண்டிருக்கும் மனிதர்கள் மேல்தான். தளக்காரர்களுக்கும் அது நன்றாகத் தெரியும், அதை வைத்துத்தான் அவர்கள் பிழைப்பு ஓடுகிறது.

கடைசியில் எது என்னை வெளியே தள்ளியது என்றால், தேடுபெட்டி. குழுவில் தொடக்கத்தில் நடந்த ஒரு விவாதத்தை எடுக்க வேண்டியிருந்தது. எழுதியவரின் பெயர் தெரியும், கதையின் தலைப்பு தெரியும், ஏறக்குறைய எந்த மாதம் என்றும் தெரியும். தேடினால் தலைப்பில் உள்ள சொல்லோடு ஒரு உணவகத்தைக் காட்டியது. 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழை என்னால் தேசிய நூலக வாரியத்தின் இணையப் பக்கத்தில், வீட்டில் உட்கார்ந்தபடி, பக்கம் பக்கமாகப் புரட்ட முடிகிறது. நானே நிர்வாகியாக இருக்கும் குழுவில் நானே கலந்துகொண்ட பேச்சைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றைக்கே "உங்கள் தரவைப் பதிவிறக்கவும்" என்ற பொத்தானைத் தேடிப் போனேன்.

இந்த வசதிக்குத்தான் இரண்டாவது நட்சத்திரம், அதையும் பாதி மனதோடுதான் கொடுக்கிறேன். அமைப்புகளுக்குள் நாலைந்து கதவு தாண்டி ஒளித்து வைத்திருந்தாலும், கேட்டதும் தந்தார்கள். கோப்பு தயாரானதும் மின்னஞ்சல் வந்தது, இறக்கினேன், திறந்தேன். தமிழைக் காணோம். ஒரு பதிவு, அடுத்த பதிவு, எல்லாமே தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஏதோ ஒரு குப்பை, மறுபடியும் கோடு போட்ட ஏ. பக்கம் பக்கமாக இதே.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. "அம்மா" என்று எழுதினால் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து குறிகள், ஆகப் பதினைந்து பைட்டு. கோப்பை எழுதிய நிரல் அந்தப் பதினைந்தையும் பதினைந்து தனித்தனி லத்தீன் எழுத்தாக எண்ணிக்கொண்டு எழுதி வைத்திருக்கிறது. தமிழ்க் குறிகளின் முதல் பைட்டு எப்போதும் ஒன்றேதான், அதனால்தான் அந்தக் கோடு போட்ட ஏ திரும்பத் திரும்ப வருகிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்தக் கோளாறு கண்ணிலேயே படாது, அவர் எழுத்துக்கு ஒரே பைட்டுதான். நல்ல செய்தி, எதுவும் தொலையவில்லை. நிரல்கள் படிப்பதற்கான ஜேசன் வடிவத்துக்குப் பதில், உலாவியில் திறந்து படிக்கும் எச்டிஎம்எல் வடிவத்தைத் தேர்ந்து மறுபடி இறக்கினேன், தமிழ் தமிழாகவே வந்தது. ஏற்கெனவே ஜேசனில் இறக்கிவிட்டவர்கள், அதை லத்தீன்-1 (ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்ற பழைய குறியாக்கம்) என்று வைத்து மறுபடி பைட்டாக்கி யுடிஎஃப்-8 ஆகப் படிக்கச் சொன்னால் போதும். பைத்தான் நிரல்மொழி தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் இரண்டு வரியில் முடித்துவிடும்.

எனக்கு இதில் எரிச்சலைவிட ஒரு வேடிக்கைதான் அதிகம். இணையத்தில் தமிழை ஏற்றுவதற்கு உழைத்த ஊர் இது. 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழியிலும் தாங்கி வந்த இணையத்தளத்தில் தமிழை ஏற்றியவர் நம் நா. கோவிந்தசாமி. 1997-இல் இணையத் தமிழுக்கான தமிழ்நெட் மாநாடு இங்கே நடந்தது, 2000-இல் உத்தமம் (உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம்) அமைப்பு பிறந்ததும் இங்கே நடந்த மாநாட்டில்தான். திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியாக்கம் வைத்துக்கொண்டு, எழுத்துருவை இறக்காமல் அடுத்தவர் பக்கத்தைப் படிக்க முடியாமல் அல்லாடி, அப்புறம் எல்லோருக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோடு) வந்து மூச்சுவிட்டோம். இவ்வளவுக்குப் பிறகும் உலகத்தின் ஒரு பெரிய நிறுவனம் என் எழுத்தைத் திருப்பித் தரும்போது வட்டத்துக்குள் ஆர் போட்டுத் தருகிறது. அரை நட்சத்திரம் என்று கொடுக்க வழியிருந்தால் இங்கே அரைதான் கொடுத்திருப்பேன்.

இன்னொன்று, இது முக்கியம். இறக்கிய கோப்பில் நாம் எழுதியது மட்டும்தான் இருக்கும். என் பதிவு வரும், என் மறுமொழி வரும், என் பதிவுக்கு மற்றவர்கள் எழுதியது வராது. தொலைபேசியில் பேசுகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதை மட்டும் கேட்ட மாதிரி, "அது எப்படி ஐயா, அவள் ஏன் திரும்பிப் போக வேண்டும்?" என்று நான் கேட்டிருக்கிறேன், அவர் என்ன சொன்னார் என்பது இல்லை. சட்டப்படி அது சரிதான், அவருடைய எழுத்து அவருடையது. ஆனால் குழு என்பதே அந்தப் பதில்கள்தானே. அதனால் நல்ல விவாதங்கள் நடந்த பதிவுகளை ஒவ்வொன்றாகத் தேடித் திறந்து, எழுதியவர்களிடம் அனுமதி கேட்டு, கையால் எடுத்து ஒட்டினோம். அக்கா ஒருவர், என்னோடு நிர்வாகியாக இருந்தவர், பாதிக்கு மேல் அவர்தான் செய்தார். தலைமையாசிரியர் ஐயா இப்போது உயிரோடு இல்லை. அவர் கணக்கின் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. அவர் மகளிடம் கேட்டோம், "அப்பா எழுதினது எல்லாம் வேணும், எனக்கும் ஒரு பிரதி குடுங்க" என்றார். தளத்தில் ஐயாவுக்கு இன்னும் ஒவ்வொரு வருஷமும் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லச் சொல்லி நினைவூட்டல் வருகிறது.

எங்கே போனோம் என்று கேட்பீர்கள். பல தனித்தனி வழங்கிகளில் (சர்வர்களில்) ஓடும் மாஸ்டடான் தளத்தைப் பார்த்தேன். ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பின்தொடர்பவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம், பதிவுகள் மட்டும் கூட வராது. அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் வழங்கி என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்கு விளக்குவதற்குள் ஒரு கதை வாசித்துவிடலாம். டுவிட்டர் மாதிரியான புளூஸ்கை 2024 பிப்ரவரியிலிருந்து அழைப்பில்லாமல் யாரும் சேரலாம் என்றானது, கணக்கு திறந்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் எல்லோரும் ஏற்கெனவே இருக்கிறார்கள், அறிவிப்புக்கு அதுவே போதும், போட்டால் போய்ச் சேருகிறது. ஆனால் விவாதத்துக்கு அது ஆகாது, "காலை வணக்கம்" பூக்களுக்கு நடுவே ஒரு நல்ல வாதம் அரை நாளில் மேலே போய் மறைந்துவிடும்.

கடைசியில் ஒரு சாதாரண இணையத்தளம் போட்டோம். வேர்ட்பிரஸ்தான், சிங்கப்பூருக்குரிய டாட் எஸ்ஜி முகவரி. பதிவு செய்யும்போது சிங்பாஸ் என்னும் அரசின் மின் அடையாளத்தில் உறுதிசெய்யச் சொல்வார்கள், அவ்வளவுதான் சிரமம். டாட் எஸ்ஜி எதற்கு என்றால், 2018-இல் தேசிய நூலக வாரியச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2019 தொடக்கத்திலிருந்து டாட் எஸ்ஜி தளங்களைத் தனித்தனியாக அனுமதி கேட்காமலே வாரியம் திரட்டி வெப் ஆர்க்கைவ் சிங்கப்பூர் என்ற தன் இணையக் காப்பகத்தில் சேமிக்கலாம். நாளைக்கு நான் கட்டணம் கட்ட மறந்தாலும், எங்கள் குழுவில் ஒரு சாரம் கட்டும் தொழிலாளி ஒரு கதையைப் பற்றி என்ன நினைத்தார் என்பது நூலகத்தின் கையில் இருக்க வாய்ப்பு உண்டு. உள்நுழைவுக்குப் பின்னால் பூட்டிய தளத்தில் எழுதினால் அந்த வாய்ப்பே இல்லை. மறுமொழிகள் குறைந்துவிட்டன, மறுக்கவில்லை. முன்பு போல் இரவு பதினொரு மணிச் சண்டை நடப்பதில்லை. மாதம் ஒரு முறை மின்னஞ்சல் போகிறது, பதில் எழுதுகிறவர்கள் நீளமாக எழுதுகிறார்கள்.

விடுதித் தம்பிகளில் இருவர் வரவில்லை. அவர்களுக்கு ஊரோடு இருக்கும் தொடர்பு முழுக்க அந்தச் செயலியில்தான், புதிதாக இன்னொன்றைப் பார்க்க நேரமும் இல்லை. எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன், அறிவிப்பை வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்புகிறேன்.

கிளம்புகிறவர்கள் செய்ய வேண்டியது: கணக்கை அழிக்கும் முன், அந்தக் கணக்கை வைத்து வேறு எந்தெந்தச் செயலிகளில் நுழைகிறீர்கள் என்று பாருங்கள், முதலில் அவற்றை மின்னஞ்சலுக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அவையும் பூட்டிக்கொள்ளும். குழு நிர்வாகி என்றால் இன்னொருவரை நிர்வாகியாக்காமல் போகாதீர்கள். இடைநிறுத்தம் வேறு, அழிப்பு வேறு, பொத்தானை அழுத்தும்போது கவனியுங்கள். பெரும்பாலான தளங்களில் அழிக்கச் சொன்ன பிறகும் 30 நாள் காத்திருப்பு உண்டு, சிலவற்றில் அதற்குள் ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்தாலும் எல்லாம் ரத்தாகிவிடும். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டுக் காத்திருப்பது நல்லது.

எல்லோரும் கிளம்ப வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் செய்து விற்கிறவர், வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் அந்தத் தளத்தின் வழியாக வருகிறவர்கள், அவரைக் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை என்பார். விற்கிறவர்களுக்கு அந்த இடம் இன்னும் வேலை செய்கிறது. எனக்கு முறுக்கு வேண்டுமென்றால் நேராக அவருக்கே வாட்ஸ்அப் போட்டுவிடுகிறேன்.